கொஞ்சுற வீட்டுக்கு வந்த சுக்குப் பூனை

ஒரு ஊர்ல ஒரு வீடு. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் வீடுதான். நல்லா சாஞ்சு படு, சொல்றேன். அந்த வீட்டுல யாருக்கும் கை சும்மா இருக்காது. பாசம் வந்துச்சுன்னா போதும், கன்னத்தக் கிள்ளுவாங்க, காதப் பிடிச்சு இழுப்பாங்க, வாரின தலையக் கலைச்சு விடுவாங்க. அப்புறம் ரெண்டு கையாலயும் மொகத்த மேலருந்து கீழ வழிச்சு, தன் நெத்திப் பொட்டுல வச்சு படபடபடன்னு நெட்டி முறிப்பாங்க. கண்ணு பட்டிருக்குமாம், கழிக்கணுமாம். பால் கொண்டு வர்ற பொண்ணு, அடுத்த வீட்டுக் கைக்குழந்தை, ஒண்ணும் தப்பாது. வலிக்குதுன்னு யாராச்சும் சொன்னா, "பாசமாத்தான செஞ்சோம், இதுக்குப் போயி மொகத்தத் தூக்குறியே"ம்பாங்க. இந்தப் பேச்சக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ம் சொல்றியா?

ம்.

அந்த வீட்டுக்கு மருமகளா வந்தவ தெய்வானை. அவளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். ஆனா அவங்கம்மா பஸ் ஏத்தி விடும்போது, "போற எடத்துல வாயத் தொறக்காத தாயி"ன்னு அழுதுட்டாங்க. அதனால வாயத் தொறக்கல. மாமியார் சீனியம்மா காலையில ஒரு கிள்ளு, சாயங்காலம் ஒரு கிள்ளு, வர்ற போற சொந்தக்காரங்க ஆளுக்கொரு கிள்ளு. கன்னம் கன்னிப் போச்சு. இவ பல்லக் கடிச்சுக்கிட்டு அடுப்புக்குத் திரும்பிருவா.

அவளோட சீர்வரிசையில அண்டா, குண்டா, கட்டிலு, அப்புறம் ஒரு பிரம்புக்கூடை. கூடைக்குள்ள ஒரு பூனை. பேரு சுக்கு. நெறமும் சுக்கு, காரமும் சுக்கு. கண்ணு தொறக்காத குட்டியா மழையில கெடந்தத எடுத்து, பாலுல திரிய நனைச்சு நனைச்சு ஊட்டி வளத்தவ தெய்வானை. பொறந்த வீட்டுலேருந்து அவகூட வந்த உசுரு அது ஒண்ணுதான்.

அத எப்பிடிக் கொஞ்சணும்னு அவளுக்குத் தெரியும். எடுத்த எடுப்புல தொடமாட்டா. ஒரு வெரல நீட்டிட்டு சும்மா இருப்பா. சுக்கு வந்து மோந்து பாக்கும். பிடிச்சிருந்தா தானே கன்னத்தக் கொண்டாந்து வெரல்ல தேய்க்கும். அப்போ கன்னத்துல, தாடைக்குக் கீழ, ரெண்டு காதுக்கு நடுவுல மெதுவா சொறிஞ்சு விடுவா. புர்ர்ர், புர்ர்ர்னு உள்ளுக்குள்ள மாவு மில்லு ஓடும். வால் நுனி லேசா ஆடுச்சுன்னா உடனே கைய எடுத்துருவா. அவ்ளோதான் விஷயம். இதுல என்ன கஷ்டம், சொல்லு?

ம்.

அப்புறம், மாரியம்மன் பொங்கல் வந்துச்சு. கட்டிக்குடுத்த நாத்தனாருங்க ரெண்டு பேரும் மூட்டை முடிச்சோட வந்து எறங்குனாங்க. பெரியவ கமலாச்சி, சின்னவ பூவாயி. கை வாசப்படியிலயே ஊற ஆரம்பிச்சுருச்சு.

மொதல்ல கமலாச்சி. "அட என் செல்லமே, எம்புட்டு அழகா இருக்கு"ன்னு தூங்கிக்கிட்டிருந்த சுக்கு மேல குனிஞ்சா. குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அது மொகத்த வழிச்சு, படபடபடன்னு நெட்டி முறிச்சா. பூனைக்குத் திருஷ்டி தெரியுமா? மேலருந்து ரெண்டு கை வருது, மொகத்தப் பிடிக்குது, காதுகிட்ட எலும்பு ஒடியிற சத்தம் கேக்குது. அது என்ன பண்ணும்? சர்ர்ர்ர். கமலாச்சி கையில மூணு கோடு.

"திமிரு புடிச்ச பூனை. மனுசங்க அரும அதுக்கு எங்க தெரியும்"னு கத்துனா.

அப்புறம் பூவாயி. சுக்கு வெயில்ல மல்லாந்து வயித்தக் காட்டிக் கெடந்துச்சு. "பாருக்கா, என்னயத் தடவச் சொல்லுது"ன்னு போனா.

"மதினி, அது தடவச் சொல்லல. உங்கள நம்பிப் படுத்திருக்கு. வயித்துல கை வைக்காதீங்க"ன்னா தெய்வானை.

"இவளுக்குப் பூனை பாஷை தெரியுமாக்கும்"னு சிரிச்சுக்கிட்டே, போற போக்குல தெய்வானை கன்னத்த ஒரு கிள்ளு கிள்ளிட்டு, பூனை வயித்துல கைய வச்சா. லபக். நாலு காலும் ஒரு வாயும் சேந்து அந்தக் கையப் பிடிச்சுக்கிச்சு. அய்யோ அம்மான்னு பூவாயி ஆடுன ஆட்டம் இருக்கே. தெய்வானைக்குச் சிரிப்பு வரல, கோவம்தான் வந்துச்சு. சொன்னேன்ல, சொன்னேன்லன்னு மனசுக்குள்ள கத்துனா. வெளிய சத்தம் வரல.

மூணாவது மாமியார் சீனியம்மா. அவங்ககிட்ட சுக்கு தானாத்தான் போச்சு. அத நீ மறக்கக்கூடாது. தானா போயி மடியில ஏறிப் படுத்துச்சு. "பாத்தீங்களாடி, எங்கிட்ட எப்பிடி இருக்குன்னு"ன்னு அவங்களுக்குப் பெரும பிடிபடல. தடவுனாங்க. பூனை புர்ர்ர்ருன்னுச்சு. இன்னும் தடவுனாங்க. அப்போ வால் நுனி ஆடுச்சு. தடவுனாங்க. வாலு முழுசா சட்டு, சட்டுன்னு மடியில அடிச்சுச்சு. முதுகுத் தோலு வெடவெடன்னு நடுங்குச்சு. காது ரெண்டும் பின்னாடி போச்சு. அது எத்தன தடவதான் சொல்லும்?

"அத்தை, போதும், விட்டுருங்க"ன்னா தெய்வானை.

"எனக்குத் தெரியும். நீ போயி சோத்தப் பாரு."

தடவிக்கிட்டே எதுத்த வீட்டு நகைச் சண்டையப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. தலையிலேருந்து வாலு வர, தலையிலேருந்து வாலு வர. நறுக். கட்டை வெரலு கிட்ட ரத்தம் பொலபொலன்னு வந்துருச்சு.

ம் சொல்லு. தூங்கிட்டியா?

ம்.

அப்போ சீனியம்மா மவனக் கூப்பிட்டாங்க. அவன்தான் தெய்வானை புருஷன், கதிரேசன். நல்லவன்தான், ஆனா அம்மா முன்னாடி வாயே கெடையாது. "ஏய்யா, கோணிய எடு. இந்தச் சனியன ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வா"ன்னாங்க. அந்த ஊர்ல வேண்டாத பூனைய அப்பிடித்தான் பண்ணுவாங்க. கோணியில போட்டு, வாயக் கட்டி, வழி தெரியாமப் போகணும்னு மூணு சுத்து சுத்தி, அக்கரையில கொட்டிட்டு வருவாங்க. அக்கரையில கறிக்கடை நாயிங்க கூட்டமாத் திரியும். அங்க போன பூனை ஒண்ணுகூட ஒரு ராத்திரி தாண்டுனதில்ல.

கதிரேசன் கோணிய விரிச்சான். சுக்கப் பிடிச்சு உள்ள தள்ளி, கயித்தப் போட்டுக் கட்டுனான். கோணி உருண்டுச்சு. உள்ளருந்து ங்ஙாவ், ங்ஙாவ்னு ஒரு சத்தம். பாலத் தேடி அழுத குட்டிச் சத்தம் இல்ல அது, உசுருக்குப் பயந்த சத்தம்.

தெய்வானை கரண்டியக் கீழ போட்டா. டணார். நேரா கமலாச்சிகிட்டப் போனா. ரெண்டு கையாலயும் அவ மொகத்த அழுத்தி வழிச்சு, அவ காதுகிட்டயே படபடபடன்னு நெட்டி முறிச்சா. எண்ணெய் வச்சுப் படிய வாரின தலையப் பின்னாடியிருந்து முன்னாடி கலைச்சு விட்டா. பளார்னு அவ கையில ஒண்ணு வச்சா கமலாச்சி. "பேய் புடிச்சுருச்சாடி உனக்கு?"

"பாசமாத்தான் செஞ்சேன் மதினி."

அப்புறம் பூவாயி. அவ சேலைக்கு மேலயே வயித்துல அஞ்சு வெரலயும் வச்சுக் கிச்சுகிச்சு மூட்டுனா. பூவாயி தள்ளுன தள்ளுல தெய்வானை செவுத்துல போயி மோதுனா. எந்திரிச்சு மாமியார் பக்கத்துல உக்காந்தா. அவங்க கையப் பிடிச்சு, முழங்கையிலேருந்து வெரல் வர, முழங்கையிலேருந்து வெரல் வரத் தடவ ஆரம்பிச்சா.

"என்னடி இது? விடு."

தடவுனா.

"விடுன்னு சொல்றேன்ல."

அதே எடத்துல, அதே மாதிரி, தடவுனா. சீனியம்மா மொகம் செவந்துச்சு. தோளு நெளிஞ்சுச்சு. கடைசியில தாங்க மாட்டாம, நறுக்குன்னு தெய்வானை கையக் கிள்ளிட்டாங்க.

அப்போதான் தெய்வானை எந்திரிச்சு நின்னா. "ஒருத்தங்க அடிச்சீங்க. ஒருத்தங்க தள்ளுனீங்க. அத்தை, நீங்க கிள்ளுனீங்க. கோணி ஒண்ணுதான் இருக்கு. யார மொதல்ல போடட்டும்?"

கோணி இன்னும் உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

"வந்த நாள்லேருந்து எனக்கு வலிக்குது அத்தை. தெனமும் வலிக்குது. அது வால ஆட்டிச் சொல்லுச்சு, காத மடக்கிச் சொல்லுச்சு. நான் வாயாலயே சொல்றேன். யாரும் என்னயக் கேக்காமத் தொடாதீங்க. அதையும் தொடாதீங்க. அத அக்கரையில விட்டா நானும் அக்கரைக்குத்தான் போவேன். திரும்ப மாட்டேன்."

கதிரேசன் அம்மாவப் பாத்தான், பொண்டாட்டியப் பாத்தான். யாரையும் கேக்கல. குனிஞ்சு கயித்த அவுத்துட்டான். விர்ர்ருன்னு பாஞ்சு சுக்கு நெல்லுக் குதிருக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிச்சு.

எல்லாரும் உடனே திருந்திட்டாங்கன்னு நெனச்சியா? இல்ல. நாத்தனாருங்க ரெண்டு பேரும் பொங்கச் சோறு கூடத் திங்காம அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிட்டாங்க. சீனியம்மா நாலு நாளு மருமககிட்டப் பேசல. பூனையும் யாருகிட்டயும் வரல. தெய்வானைக்கும் கோவம் தணியல, பாத்திரமெல்லாம் டங்கு டங்குன்னுதான் கழுவுனா. அஞ்சாவது நாளு சீனியம்மா தரையில உக்காந்து, எங்கயோ பாத்துக்கிட்டு ஒரு வெரல நீட்டுனாங்க. சுக்கு வந்துச்சு, மோந்துச்சு, போயிருச்சு. மறுநாளும் நீட்டுனாங்க. மோந்துட்டுக் கன்னத்த ஒரே ஒரு தடவ தேய்ச்சுட்டுப் போச்சு. அவங்க பின்னாடியே போகல.

அப்புறம் ஒரு சாயங்காலம், தெய்வானை வாசப்படியில உக்காந்திருந்தா. சீனியம்மா சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமா வந்து பின்னாடி நின்னாங்க. அப்புறம், "தலை வாரி விடட்டுமா?"ன்னு கேட்டாங்க. அந்த வீட்டுல அதுக்கு முன்னாடி யாரும் யாரையும் அப்பிடிக் கேட்டதில்ல.

தெய்வானை யோசிச்சா. "இன்னிக்கு வேண்டாம் அத்தை."

மாமியார் கை பழக்கத்துல அவ கன்னத்துக்கு ஒசந்துச்சு. பாதியிலயே நின்னுச்சு. கீழ எறங்கிருச்சு. "சரிம்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அன்னிக்குத்தான் தெய்வானைக்குக் கோவம் போச்சு.

கதையும் படுத்துருச்சு, நீயும் படு. போர்வைய இழுத்து விடட்டுமா?

ம்.

சரி. தூங்கு.