குவித்து அளந்த சுண்ணாம்பு

முன்னொரு காலத்தில், பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டின் ராஜாவுக்குத் தன் இதயத்தைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கப்பலில் ஒரு சிடி ஸ்கேன் எந்திரம் வந்து இறங்கியது. வருடம் ஒருமுறை ராஜா அதற்குள் படுத்து எழுவார். இதயக் குழாய்களில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று அது கணக்குச் சொல்லும். முதல் வருடம் தொண்ணூறு. மறுவருடம் நூற்று நாற்பது.

ராஜாவின் முகம் சுருங்கிப்போனது. அதற்காகவே காத்திருந்தவர்போல அமைச்சர் நரபதியார் எழுந்தார்.

"வேந்தே, தங்களைச் சிரிக்கவைத்தே நெய்முறுக்கு தின்னவைப்பவன் விகடகவி குப்பாண்டி. இது அவன் ஏற்றிய சுண்ணாம்பு. அவனை நாடு கடத்துங்கள்."

குப்பாண்டி என்றால் ராஜாவுக்கு உயிர். ஆனாலும் பயம் யாரை விட்டது? விளக்கேற்றுவதற்குள் கணக்கைக் குறைத்துக் காட்டினால் இருக்கலாம், இல்லையென்றால் எல்லை தாண்ட வேண்டும் என்றார். மருந்து கொடுக்கக்கூடாது, மறுபடி எந்திரத்தில் படுக்கவைக்கவும் கூடாது என்று அமைச்சர் கூடவே முடிச்சுப் போட்டார்.

"கணக்கு குறைந்தால் போதுமா, மகாராஜா?"

"போதும்."

எந்திரத்தை ஓட்டும் கோமளத்தை வரவழைத்தான் குப்பாண்டி. அன்று காலையில் ராஜா படுத்திருந்தபோது எந்திரம் சுற்றிச் சுற்றித் திரட்டிய நிழல்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் போன வருடம் கோத்த மாதிரியே கோத்துப் படமாக்கச் சொன்னான். தொண்ணூற்று மூன்று வந்தது. இன்னும் வழவழப்பாகக் கோக்கச் சொன்னான். எழுபது!

"காலையில ஏம்மா வேற மாதிரி கோத்தே?"

"அமைச்சருதாங்க ஓரமெல்லாம் கூராத் தெரியணும்னாரு. அப்படிச் செஞ்சா பொட்டுப்பொடி எல்லாம் சுண்ணாம்புன்னு கணக்குல ஏறிடுமேன்னேன். ஏறட்டும்னாரு."

நரபதியார் தூண் ஓரமாக நகர்ந்தார். ராஜாவுக்கோ எழுபதே பிடித்துவிட்டது. முறுக்குத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்த தட்டைக் குப்பாண்டி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மகாராஜா, எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் நெல் வாங்கும்போது படியைக் குவித்து அளப்பார்கள், விற்கும்போது தலைதட்டி அளப்பார்கள். நெல் அதேதான். நானும் கணக்கைத்தான் குறைத்தேன். தங்கள் சுண்ணாம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. போன வருடத்தோடு ஒப்பிட அதே படியால் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், பயப்பட ஒன்றுமில்லை. முறுக்குக்கும் இடமில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தினமும் விடிந்ததும் தாங்கள் கோட்டையைச் சுற்றி நடக்க வேண்டும். அமைச்சரும் கூட வரட்டும். சுற்றுகளை நான் அளக்கிறேன். தங்களுக்குத் தலைதட்டி, அவருக்குக் குவித்து."

மறுநாள் முதல் ராஜா நடந்தார். அவர் அரண்மனைக்குத் திரும்பிப் பல் தேய்த்துக் குளித்த பிறகும் நரபதியார் நடந்துகொண்டே இருந்தார்.