மரத்தடியில் ஒரு சின்ன மரம்

குழந்தைகளே, ஓடை வளைந்து ஓடும் ஒரு காட்டில் சவுக்கு மரம் ஒன்று நின்றது. மலையடிவாரத்துத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் மணி அடிக்கும் நாளில், விலங்குகள் கூடி அதை அலங்கரிக்கும்.

அணில் குன்றிமணிச் சரங்களைக் கட்டியது. கிளைகளில் இலவம்பஞ்சைப் பனிபோலத் தூவியது. மீதி மின்மினிகளின் கையில். பொழுது சாய்ந்ததும் அவை வந்து உட்கார்ந்தால்தான் அந்தக் காட்டுக்குக் கிறிஸ்துமஸ். ஆனால் ஒரு கிளை அசைந்தாலும் திரும்பிப் போய்விடும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

"மிளகு எங்கே?" என்று கவலையோடு சுற்றிப் பார்த்தது அணில்.

மிளகு ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. ஆடுகிற எதையும் அதனால் சும்மா விட முடியாது. காலையிலேயே இரண்டு சரங்களை இழுத்து அறுத்திருந்தது.

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்ற குரங்கு, முள் வெட்டிவந்து மரத்தைச் சுற்றி வேலி போட்டது.

வேலிக்கு அடியில் ஒரு கறுப்பு மூக்கு நுழைந்தது.

"குரங்கு மாமா, வேலி போடுகிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது?"

"பேய் இருக்கிறது! ஓடிப் போ!"

"பேய்க்கு வால் உண்டா? ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேனே!"

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. வானத்தில் செம்மை மங்கிக்கொண்டிருந்தது. 'எட்டிப் போ என்று சொல்லச் சொல்ல, இது கிட்டத்தான் வருகிறது' என்று நினைத்த அணில், வேலியை ஒரு பக்கம் விலக்கியது.

"மிளகு, உள்ளே வா."

"உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா?" என்று கத்தியது குரங்கு.

அணில் அதைக் காதில் வாங்கவில்லை. "மிளகு, இந்த மரத்துக்கு இன்று நீதான் காவல். ஒரு கிளைகூட அசையக் கூடாது."

மிளகின் கண்கள் விரிந்தன. "நானா? யார் வந்தாலும் விரட்டலாமா?"

"விரட்டலாம், மின்மினிகளைத் தவிர."

"குரங்கு மாமாவைக்கூடவா?"

"அவரைத்தான் முதலில்!"

மிளகு மரத்தடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. வால்தான் துள்ளியது. அதை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

இருட்டியது. தூரத்தில் மணி ஒலித்தது. ஓடைக்கு அப்பாலிருந்து ஓர் ஒளிப்பொட்டு மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம். சவுக்கு மரம் உயிர் வந்து மூச்சு விடுவதுபோல் மின்னி அடங்கி, அடங்கி மின்னியது.

அப்போது ஒரு மின்மினி கீழே இறங்கி, மிளகின் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

'போச்சு!' என்று கண்களை இறுக மூடிக்கொண்டது அணில்.

எந்தச் சத்தமும் இல்லை. மெல்லக் கண் திறந்தது. மிளகின் மீசையில், காதுகளில், முதுகில், எங்கும் மின்மினிகள். கறுப்பு உடம்பு இருட்டில் கரைந்துபோக, பெரிய மரத்தின் அடியில் வெறும் ஒளியால் ஆன ஒரு சின்ன மரம் நின்றது.

"அணிலக்கா," என்று உதடு அசையாமல் கேட்டது அந்தச் சின்ன மரம், "மூச்சு விடலாமா?"

நீதி: விலக்கி வைத்தால் தாவும் பாதம், நம்பி ஒப்படைத்தால் காவல் நிற்கும்.