சின்னப்பூ வைத்த புங்கங்கொட்டை வரிசை

காட்டு ஓடைக்குப் பக்கத்துப் புதரில் ஒரு சருகுமான் இருந்தது. பெயர் சின்னப்பூ. முயல் அளவுதான் இருக்கும். யாராவது பேச வந்தால் சருகுக்குள் பதுங்கிக்கொள்ளும். ஓடையில் கூட்டமாக இருக்குமே என்று தண்ணீர் குடிக்கக்கூடப் போகாது. இலையில் நிற்கிற பனியை நக்கிக்கொள்ளும்.

அதற்கு ஒரே ஒரு குட்டி, மொட்டு. மொட்டுவுக்கு அந்தக் கூச்சமே இல்லை. ஓடையே கதி என்று கிடக்கும்.

மொட்டு பிறந்த நாளிலிருந்து, விடிந்ததும் ஒரு புங்கங்கொட்டையைப் புதரடியில் வைப்பது சின்னப்பூவின் வழக்கம். பிள்ளைக்கு எத்தனை நாள் ஆச்சு என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போகும்.

ஒருநாள் காலையில் மொட்டு எழவில்லை. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளியது. இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை எப்படியோ பிழைத்துவிட்டது. இப்போது கண்ணே திறக்கவில்லை. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது.

சின்னப்பூ முதன்முதலாக மற்றவர்களைத் தேடிப் புதரை விட்டு வெளியே வந்தது.

"என் பிள்ளைக்கு என்னமோ ஆகுது. உங்க யாருக்காச்சும் இப்படி வந்துச்சா?" என்று ஓடைக்கரையில் இருந்த நரி, காகம், ஆமையிடம் கேட்டது.

"அட, உனக்கு வாய் இருக்கா!" என்றது நரி. "எனக்கும் வந்துச்சே! பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாள் வயிறு கலங்கி உருண்டேன். அத்திப்பழம் தின்னதுதான்!"

"பழமாவது!" என்று காகம் கத்தியது. "என் குஞ்சு சுருண்டு விழுந்துச்சு. முந்தின வாரச் சந்தைக்கு மறுநாள். காத்துக் கருப்புதான்!"

ஆமை மெதுவாகத் தலையை நீட்டியது. "ஓடையில மீன் செத்து மிதந்துச்சு. அதுக்கப்புறம் நான் வெயில் காயப் பாறையில ஏழு தடவை ஏறிட்டேன்."

"மூணு பேரும் மூணு நாளைச் சொல்றோம். யாரோ பொய் சொல்றாங்க!" என்றது நரி.

"நீதான்!" என்றது காகம்.

சண்டை முற்றியது. சின்னப்பூ அழுதுகொண்டே கெஞ்சியது. "சித்தப்பா, அக்கா, கொஞ்சம் என் கொட்டைகிட்ட வாங்களேன்!"

பௌர்ணமி எந்தக் கொட்டை என்று அதற்குத் தெரியும். அன்றுதான் மொட்டு முதல்முறையாகக் கட்டையைத் தாண்டிக் குதித்தது. அங்கிருந்து மூன்று எண்ணி, நரிக்காக ஒரு பழுத்த இலையை வைத்தது. நேற்று ஒரு சந்தை. அதற்கு ஏழு நாள் முன்பு இன்னொன்று. அதன் மறுநாளில் காகத்துக்காக ஓர் இலை. இரண்டு இலையும் ஒரே கொட்டையில் விழுந்தன!

"நீங்க தினமும் பாறை ஏறுவீங்களா, தாத்தா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்தாம்மா."

இன்றிலிருந்து பின்னோக்கிப் பதினான்கு எண்ணி ஆமைக்கு ஓர் இலை. கடைசியாக மொட்டு படுத்த மூன்று நாளுக்கும் இலை வைத்தது.

வரிசை முழுக்க வேறெங்கும் இலையே இல்லை. ஏழு ஏழு நாள் இடைவெளியில், மூன்றே கொட்டைகளில்தான் அத்தனை இலையும்!

"மூணும் சந்தைக்கு மறுநாள்!" என்றது காகம்.

"அக்கா, சந்தையன்னைக்கு ஓடைக்கு மேல்பக்கம் என்ன நடக்குது? நீங்கதான் பறந்து பாக்குறீங்க."

"என்ன நடக்குது… கத்தரித் தோட்டக்காரன் சந்தையில பூச்சிமருந்து வாங்கிட்டு வருவான். சாயங்காலம் தெளிச்சுட்டு, டின்னை ஓடையில அலசுவான். அடக் கடவுளே! நான் பார்த்துட்டேதான் இருந்தேன். இதுல சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேனே!"

"பாறைக்குப் பின்னால ஊத்து இருக்கு," என்றது ஆமை. "நல்ல தண்ணி."

காகம் அலகு அலகாக ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. நரி அன்று முழுக்க ஓடைக்கரையில் நின்று, வந்த குட்டிகளையெல்லாம் விரட்டியது. சின்னப்பூ மொட்டுவின் வாயைத் துடைத்துத் துடைத்துச் சொட்டு சொட்டாகப் புகட்டியது. மூன்றாம் நாள் மொட்டு கண் திறந்தது.

அடுத்த சந்தை வந்தது. யாரும் ஓடைப்பக்கம் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் சின்னப்பூ அன்றைய கொட்டையை வரிசையில் வைத்தது. அப்போது அதன் மடியில் ஒரு முட்டு விழுந்தது.

"அம்மா, பசிக்குது!" என்றது மொட்டு.

ஆளுக்கு ஒன்றாகத் தெரிந்துவைத்திருப்பதை ஒரே வரிசையில் சேர்த்துப் பார்த்தால்தான், தனியாக யாருக்கும் தெரியாத உண்மை எல்லோருக்கும் தெரியும்.