மத்தியானத்தில் பார்த்த ஊர்

ஏரிக்கரை அரசமரத்தில் ஒரு மைனாத் தம்பதி குடியிருந்தது. ஆண் மைனாவின் பெயர் மஞ்சமூக்கன். பெண் மைனாவின் பெயர் சிணுங்கி.

அந்த அரசமரம் லேசுப்பட்ட மரம் அல்ல. பறவைகளுக்கு அது ஒரு பெரிய பட்டணம். உச்சிக் கிளைகளில் காகங்கள், நடுக் கிளைகளில் கொக்குகள், கீழே இருந்த பொந்துகளில் கிளிகளும் மைனாக்களும். பொழுது சாய்ந்தால் போதும், இடத்துக்குச் சண்டை ஆரம்பமாகிவிடும்.

"தள்ளி உக்காரு!"

"நீ தள்ளு!"

"ஐயோ, என் வாலை மிதிச்சிட்டான்!"

இருட்டிய பிறகுதான் கூச்சல் அடங்கும். விடிவதற்கு முன்பே மறுபடியும் தொடங்கிவிடும்.

மைனாக்களுக்கு வாய்த்தது நல்ல பொந்து. ஆழமானது. எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. பக்கத்துப் பொந்தில் இருந்த பச்சையம்மா என்ற கிளிக்கு அதன் மேல் ஒரு கண். மைனாக்கள் சற்று அசந்தால் வந்து உள்ளே தலையை நீட்டுவாள். கையும் களவுமாகப் பிடித்தால், "சும்மா பாத்தேன்!" என்பாள். சும்மா பார்ப்பதற்கு அப்படி அதில் என்ன இருக்கிறதோ!

ஒரு நாள் சிணுங்கி பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஏங்க, இன்னும் கொஞ்ச நாள்ல நான் முட்டை போடணும். இந்தச் சத்தத்துல எப்படி அடைகாக்குறது? வேற ஊரு பாருங்க!"

"எனக்கும் அலுத்துப்போச்சு" என்றான் மஞ்சமூக்கன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் மருதந்தோப்புன்னு ஒண்ணு இருக்காம். இதைவிடப் பெரிய ஊராம். போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"போங்க. ஆனா பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்! சாயங்காலம் நீங்க இல்லன்னா பச்சையம்மா புருஷனையும் கூட்டிக்கிட்டு உள்ள பூந்துடுவா. நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்?"

நியாயமான பயம்தான். அதனால் மஞ்சமூக்கன் காலையிலேயே புறப்பட்டான். மருதந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில்.

அவனால் தன் கண்களையே நம்ப முடியவில்லை. அத்தனை பெரிய தோப்பில் ஒரு குரல் இல்லை. கிளைகள் எல்லாம் காலி. பொந்துகள் எல்லாம் காலி. மரங்களின் அடியில் தரையும் வேரும் வெள்ளை வெளேரென்று இருந்தன. சாலையோர மரங்களுக்கு மனிதர்கள் சுண்ணாம்பு அடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். "அடேயப்பா! தரைக்கே வெள்ளையடிச்சு வச்சிருக்காங்க! எவ்வளவு சுத்தம்!" என்று வியந்தான்.

ஒரு பொந்துக்குள் எட்டிப் பார்த்தான். நல்ல ஆழம். உள்ளே காய்ந்த புல்லும் பஞ்சும் மெத்தைபோலப் பரப்பியிருந்தது. "குடிவரப்போறவங்களுக்கு மெத்தைகூடப் போட்டு வைக்கிறாங்களே!" என்று உருகிப்போனான்.

அடுத்த மரத்தில் ஓர் ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மஞ்சமூக்கன் அதைத் தட்டி எழுப்பினான்.

"அண்ணே, மன்னிக்கணும். இங்க குடிவரலாம்னு இருக்கோம். ஊரு எப்படி?"

ஆந்தை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "நான் பொறந்து வளந்ததே இங்கதான். ஈ பறக்கிற சத்தம்கூடக் கேக்காது. படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன்."

"அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க?"

"முகம் பாத்துப் பேசினதே இல்லப்பா. என் வம்புக்கு அவங்க வர்றதில்ல. அவங்க வம்புக்கு நான் போறதில்ல. ஆளை விடு, தூங்கணும்!"

ஆந்தை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

மஞ்சமூக்கன் பறந்தோடி வந்து எல்லாவற்றையும் சொன்னான். சிணுங்கிக்கு ஆசை வந்துவிட்டது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"இவ்வளவு நல்ல ஊரை எல்லாரும் ஏங்க விட்டு வச்சிருக்காங்க?"

"நம்மளை மாதிரி யோசிக்கத் தெரிஞ்சவங்க குறைச்சல், அதான்!"

"ஒரு ராத்திரி தங்கிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே?"

"தங்கினா இந்தப் பொந்து போயிடும்னு நீதானே சொன்னே! நான்தான் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு வந்திருக்கேனே!"

சிணுங்கி தலையாட்டிவிட்டாள். ஒரே ஒரு ராத்திரி காவலுக்கு வரச் சொல்லி அவளுடைய அண்ணன்மாரைக் கூப்பிட்டிருக்கலாம். அதே மரத்தில் இரண்டு பொந்து தள்ளித்தான் இருந்தார்கள். ஆனால் காலி மரமும் பஞ்சு மெத்தையும் கண்ணுக்குள் வந்துவிட்ட பிறகு, அண்ணன்மாரின் நினைப்பு இருவருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள்.

"எங்க, சேர்ந்து கிளம்பிட்டீங்க?" என்றாள் பச்சையம்மா.

"ஊரைவிட்டே போறோம்! இனிமே வரமாட்டோம்!" என்றான் மஞ்சமூக்கன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"அடடா, பழகிட்டுப் போறீங்களே! மனசு கேக்கலையே!" என்றாள் பச்சையம்மா. அப்போதே அவளுடைய ஒரு கால் பொந்துக்குள் இருந்தது.

மருதந்தோப்பில் அன்றைய மத்தியானம் சொர்க்கமாக இருந்தது. சிணுங்கி பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து கண்களை மூடினாள். "எவ்வளவு நிம்மதிங்க! இங்கேயே முட்டை போட்டு, இங்கேயே குஞ்சு பொரிச்சு, இங்கேயே இருந்துடலாம்!" என்றாள்.

வெயில் தாழ்ந்தது. மேற்கே ஒரு கரும்புள்ளி தெரிந்தது. பிறகு பத்து. பிறகு வானமே கறுத்தது.

காகங்கள் வந்தன. கொக்குகள் வந்தன. நாரைகள் வந்தன. கிளிகள் கத்திக்கொண்டே வந்தன. எல்லாம் வயல்களிலும் குளங்களிலும் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் கூட்டம். ஏரிக்கரைக் கூட்டத்தைப் போலப் பல மடங்கு! கிளைகள் வளைந்தன. காது அடைத்தது. வெளியே எட்டிப் பார்த்த மஞ்சமூக்கனின் தலையில் மேலிருந்து சொத்தென்று ஒன்று விழுந்தது. தரைக்கு வெள்ளையடித்தது யார் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில் பொந்து வாசலில் இரண்டு கொழுத்த மைனாக்கள் வந்து இறங்கின.

"யாரு உள்ள?"

"நாங்க புதுசா குடிவந்திருக்கோம்!"

"எங்க வீட்டுக்குள்ளயா?"

"காலியா இருந்துச்சே!"

"இரை தேடப் போனா வீடு காலியாத்தான்யா இருக்கும்! வெளிய வாங்க!"

நான்கு கொத்து வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். தோப்பு முழுக்கத் தேடியும் ஒரு பொந்துகூடக் காலி இல்லை. ஆந்தை சிறகை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே! ஈ சத்தம்கூடக் கேக்காதுன்னு சொன்னீங்களே!" என்று கத்தினான் மஞ்சமூக்கன்.

"நான் வீட்ல இருக்கிற நேரத்துக்குக் கேக்காதுதானே? இவங்க வர்ற சத்தம் கேட்டா நான் வேலைக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் விடியும்போதுதான் வருவேன். நீ சாயங்காலத்தைப் பத்திக் கேக்கவே இல்லையேப்பா!" என்று சொல்லிவிட்டு ஆந்தை பறந்துபோனது.

ஒரு கிளை நுனியில் ராத்திரியைக் கழித்துவிட்டு, விடிந்ததும் இருவரும் ஏரிக்கரைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய பொந்திலிருந்து ஒரு பச்சைத் தலை நீண்டது.

"பச்சையம்மா, இது எங்க பொந்து" என்றாள் சிணுங்கி.

"காலியா இருந்துச்சே!" என்றாள் பச்சையம்மா.

மஞ்சமூக்கன் வேறு பொந்து தேடக் கிளம்பினான். இனிமேல் வரமாட்டோம் என்று மார்பை நிமிர்த்திச் சொன்னவன் அவன்தான். பச்சையம்மா விட்ட பொந்தில் வேறொரு கிளி புகுந்திருந்தது. அந்தக் கிளி விட்ட பொந்தில் ஓர் அணில் இருந்தது.

மிஞ்சியது மேற்குப் பக்கம் மரங்கொத்தி பாதி குடைந்துவிட்டுப் போன ஒரு குழி. வேறு வழியில்லை. சிணுங்கி அதில்தான் முட்டையிட்டாள்.

அந்த வருஷம் கோடை மழை வலுத்துப் பெய்தது. சாரல் நேராகக் குழிக்குள் அடித்தது. முட்டைகள் நனையாமல் இருக்க மஞ்சமூக்கன் வாசலை அடைத்துக்கொண்டு மழைக்கு முதுகைக் காட்டி நின்றான். முட்டைகள் பிழைத்தன. குஞ்சுகளும் பொரிந்தன. ஆனால் மழை ஓயும்வரை அவன் முதுகு காயவே இல்லை.

"ஏங்க, ரொம்ப நனையுதா?" என்று சிணுங்கி உள்ளிருந்து கேட்டாள்.

"கொஞ்சந்தான்."

"அந்தப் பொந்துல இருந்திருந்தா..."

"தெரியும். சொல்லாதே!" என்றான் மஞ்சமூக்கன். சொல்லும்போது அலகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

குடிபோக நினைக்கும் ஊரை, அங்குள்ளவர்கள் எல்லோரும் வீடு திரும்பும் நேரத்திலும் போய்ப் பார்த்த பிறகே, இருக்கிற வீட்டைக் காலி செய்ய வேண்டும்.