ஏரி உடைந்த கதையின் முதல் வரி

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், தன் புகழைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்! எந்தக் கதை அரங்கேறினாலும் முதலில் அவன் கீர்த்தியை நீட்டி முழக்கியாக வேண்டும் என்று ஆஸ்தானப் புலவர் அகோரநாதர் சட்டம் போட்டு வைத்திருந்தார். கீர்த்தி முடிவதற்குள் ராஜாவுக்குத் தூக்கம் வந்துவிடும். அப்புறம் கதையாவது, கத்தரிக்காயாவது!

அந்தச் சபைக்குத்தான் அரியநாச்சி ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். ஊர் ஏரி உடைந்து அவள் தங்கை வெள்ளத்தில் போன கதை. 'ஏரி உடைந்த அன்று என் தங்கை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்' என்று ஆரம்பித்தது. அந்த ஒரு வரிக்காக எத்தனையோ ஓலையைக் கிழித்துப் போட்டிருந்தாள்.

அகோரநாதர் ஓலையை வாங்கிப் பார்த்தார். இப்படியொரு வரி தனக்கு ஜென்மத்தில் வராது என்று அவருக்குத் தெரியும். வயிறு எரிந்தது.

"சபையில் போய் எண்ணெயா? மன்னர் புகழ் எங்கே அம்மா? அதைப் பாடாவிட்டால் இந்த ஓலை அடுப்புக்குத்தான்."

அரியநாச்சிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. செத்தவளைப் பற்றிச் சொல்ல இந்த ராஜாவின் மீசையை வர்ணிக்க வேண்டுமா? என்ன அநியாயம் இது! ஆனால் ஓலை அவர் கையில் அல்லவா இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். தூபக்காலிலிருந்து ஒரு கங்கு தெறித்து, ராஜாவின் தோளிலிருந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் தொங்கிய பட்டு உத்தரீயம் நுனியில் புகைந்துகொண்டிருந்தது.

"மகாராஜா, அங்கே..." என்று பதறினாள்.

"கீர்த்திக்கு முன்னால் ஒரு சொல் வரக் கூடாது!" என்று அதட்டினார் அகோரநாதர்.

"அப்படியா? சரி." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மலையை நிகர்த்த மார்பா! மழையை வென்ற கையா! மங்கையர் மயங்கும் மீசையா!"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு மூக்கை உறிஞ்சினான். "என்னமோ கருகுகிறதே?"

"குறுக்கே பேசலாகாது, மகாராஜா. கீர்த்தி முடியட்டும்," என்றார் அகோரநாதர்.

"எட்டுத் திசையும் நடுங்கும் வீரா! நிலவும் நாணும் குடையா! இத்தனை பெருமை கொண்ட தங்கள் உத்தரீயம் தீப்பிடித்து எரிகிறது!"

"ஐயையோ!" என்று ராஜா துள்ளிக் குதித்தான். யாரோ பன்னீர்ச் செம்பை அவன்மேல் கவிழ்த்தார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு கத்தினான்: "முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் சட்டம் விடவில்லை. துணி நுனி கருகியதற்கே உங்களுக்குப் பொறுக்கவில்லையே! என் ஊரே முழுகிப்போனது, மகாராஜா. அதைச் சொல்ல நான் உங்கள் மீசையைத் தாண்டித்தான் வர வேண்டுமா?"

ராஜாவின் முகம் கன்றிப்போனது.

"புலவரே, ஓலையை அவளிடம் கொடும். இன்று முதல் உமக்குச் சோறு வேண்டுமென்றால் சமையற்காரருக்கு முழுக் கீர்த்தி பாடும். பசிக்கிறது என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்."

தன் முத்துமாலையைக் கழற்றி அரியநாச்சியிடம் நீட்டினான். "முதலில் கதையைக் கேளுங்கள்," என்றாள் அவள். ஓலையைப் பிரித்து அந்த முதல் வரியைப் படித்தாள்.

ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஈரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏரி எப்படி உடைந்தது? கரையைக் கவனிக்க வேண்டியவன் எவன்?"

அரியநாச்சி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதுதான் மகாராஜா, அடுத்த வரி."