மயில் அம்பு

செண்பகவல்லியிடம் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் தேவசகாயம். நில அளவைத் துறையில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட இருபத்தாறு வயது பெரியவர். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், மனிதர் கேட்கவில்லை.

ஒரு நாள் கண் மருத்துவமனை ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவள் செய்துகொடுத்த சீட்டுப் பதியும் மென்பொருளில், வெள்ளைத் திரையில் வெள்ளை அம்பு தொலைந்து தொலைந்து போகிறதாம். பதிவில் உட்காரும் லூர்துமேரி மவுஸை ஆட்டி ஆட்டித் தேடுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறதாம்.

"கலர்ல ஒரு அம்பு வரைஞ்சு கொடுங்க சார்."

"எந்தக் கலர் குருவே?"

"வரைஞ்சு பாருங்க."

தேவசகாயத்துக்குக் கை துறுதுறுத்தது. கணினியில் அம்பு வரைகிற பலகையைத் திறந்தார். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம். மூன்றாம் நாள் திரையில் தோகை விரித்த மயில் ஒன்று நின்றது. சொடுக்கும்போது மயிலின் எந்த இடம் பட வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. இருப்பதிலேயே அழகு தோகைக் கண்தான். அதையே காட்டினார்.

செண்பகவல்லி மயிலைத் திரையில் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தாள்.

"நாளைக்கு லூர்துமேரி அக்கா லீவு. அவங்க சீட்ல நீங்க உக்காருங்க சார்."

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் பால்பாண்டி. ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் திரையை எட்டிப் பார்த்தார்.

"எம் பேரு எங்கய்யா?"

"கீழ இருக்கு. மேல மயில் நிக்குது."

"விரட்டுங்கய்யா அத!"

தேவசகாயம் 'பதிவு' என்ற பொத்தானின் மேல் அலகை வைத்துச் சொடுக்கினார். பக்கத்தில் இருந்த 'நீக்கு' மேல் தோகைக் கண் கிடந்தது. பெயர் போய்விட்டது. மறுபடி அடித்தார், மறுபடி போனது. ஐந்தாவது தடவை பால்பாண்டி மேசையைத் தட்டினார்.

"நான் இருக்கேனா இல்லையாய்யா?"

பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

அன்று மாலை தேவசகாயம் மயிலைத் தன் கையாலேயே அழித்தார். தடிமனாக, கருநீலத்தில் ஓர் அம்பு வரைந்தார். சொடுக்கும் இடமாக நுனிக் கட்டத்தைக் காட்டினார்.

அடுத்த நாள் லூர்துமேரி வந்தாள். அவர் அவள் பின்னாலேயே நின்றார். ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இருந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. கடைசி ஆளும் போன பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்பு எப்படிம்மா இருக்கு?"

"எந்த அம்பு சார்?"

முகம் தொங்கிப்போய் செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தார்.

"அவங்க அதைக் கவனிக்கவே இல்ல குருவே."

"வரிசை?"

"பத்தரைக்கே தீந்துபோச்சு."

"வாழ்த்துகள் சார்" என்றாள் செண்பகவல்லி.