வெறும் பாத்திரத்தில் வாய்வைக்கும் ஊர்

அந்தக் காலத்தில் மாடு பேசும், மைனா பேசும். மனிதன் மட்டும்தான் பேசவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வான். அப்போது தேரிக்காட்டு ஓரத்தில் செம்மண்விளை என்றொரு ஊர் இருந்தது. சின்ன ஊர்தான், ஆனால் வேதக்கோவில் இரண்டு. கிழக்கே உள்ளதை ஒரு மிஷன்காரர் கட்டினார், மேற்கே உள்ளதை வேறொருவர். இருவரும் கப்பலேறிப் போனார்கள். சண்டையை மட்டும் ஊரில் விட்டுப் போனார்கள். கிழக்கே முழங்காலிட்டு ஜெபிப்பார்கள், மேற்கே உட்கார்ந்து. கிழக்கே பேராயர் உண்டு, மேற்கே கமிட்டிதான் எல்லாம். இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து மாதம் ஒருமுறை நடக்கும் இராப்போஜனத்தில் கிழக்குச் சபையார் அத்தனை பேரும் இருபுறமும் பிடிவைத்த ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பார்கள். மேற்கே ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம்.

கிழக்குச் சபைக்கு மூப்பர் மாசிலாமணி. மாட்டுத் தரகர். சந்தையில் பட்ட அடிதான் அவருக்குப் படிப்பு. கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசினால், எதிராளியிடம் எதையாவது கறக்காமல் விடமாட்டார்.

அவருக்கு ஒரே தங்கை, ஞானப்பூ. இளவயதில் வந்த பெருநோய் ஆறிவிட்டது. போகும்போது பத்து விரலையும் கொண்டுபோய்விட்டது. ஊரில் அவள் தண்ணீர் கேட்டால் தூக்கித்தான் ஊற்றுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், அந்த வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்து, எல்லாரும் வாய்வைத்த இடத்தில் அவளும் வாய்வைப்பாள். அந்த ஒரு மிடறுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்பாள்.

மிஷன்களெல்லாம் கூடி ஒரே திருச்சபை ஆகப்போகின்றன என்று ஒருநாள் கடிதம் வந்தது. செம்மண்விளையிலும் இனி ஒரே கோவில். எந்த வழக்கம் நிற்கும், எது போகும்? மேற்குச் சபை மூப்பர் தேவபிச்சையும் மாட்டு வியாபாரிதான். வாய்விட்டுப் பேசினால் அடிதடியாகும் என்று இருவரும் ஊர் முன்னால் உட்கார்ந்து, சந்தை முறைப்படி துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டார்கள். பெருவிரல் கோவில் மணி, அடுத்தது பேராயர், நடுவிரல் முழங்கால், மோதிரவிரல் ஜெபப்புத்தகம், சுண்டுவிரல் பாத்திரம், ஐந்தும் கிழக்கு வழக்கம். நீட்டிய விரல் நிற்கும், மடக்கிய விரல் போகும்; ஒன்றைத்தான் மடக்குவேன் என்று மாசிலாமணி உள்ளே கணக்குக் காட்டினார்.

“நாலு உமக்கு, ஒண்ணு எனக்கா? என்னைக் கேணையன்னு நினைச்சீரோ?” என்றார் தேவபிச்சை.

“ஒண்ணாவது விடுதேனேன்னு சந்தோசப்படும்வே.”

“அப்போ இதை மடக்கும்.” தேவபிச்சை சுண்டுவிரலைப் பிடித்தார். “எச்சில் பாத்திரம் மட்டும் எங்க ஆளுகளுக்கு ஆகாது.”

மாசிலாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலுக்கு ஒன்று! சுண்டுவிரலை மடக்கினார். பேரம் படிந்தது.

துண்டுக்குள் நடப்பது தோள் அசைவிலேயே மாட்டுக்குத் தெரியும். வண்டியில் பூட்டியிருந்த மயிலைக்காளை கேட்டது: “சுண்டுவிரலை மடக்கிட்டீரே முதலாளி, இனி ஞானப்பூ எதைப் பிடிச்சுக் குடிப்பா?”

“சும்மா கிடலே! விலைபோற மாட்டுக்கு விலைபேசத் தெரியுமோ?” என்று சாட்டையால் ஒன்று வைத்தார்.

“அடி முதுகோட போயிரும். நான் கேட்டது போகாது,” என்றது காளை.

ஐக்கிய ஞாயிறு வந்தது. ஊர் முழுக்கத் தோரணம். கிழக்கும் மேற்கும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாசிலாமணி முன்வரிசையில் மீசையை நீவிக்கொண்டிருந்தார். தட்டு வந்தது, பெருவிரல் பருமனில் கண்ணாடிக் கிண்ணங்கள். ஞானப்பூ இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒன்றை எடுத்தாள். நழுவியது. நெஞ்சோடு அணைக்கப் பார்த்தாள். வெள்ளைச் சேலையில் ரசம் கொட்ட, கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தன் கிண்ணத்தை அவள் வாயருகே கொண்டுபோக ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊர் பார்க்கிறதே என்று மாசிலாமணியும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், “அடுத்த மாசம் நான் ஊட்டிவிடுதேன் தாயி,” என்றார்.

“வேண்டாம்ணே. ஊட்டிவிடத்தான் வீட்டுல நீ இருக்கியே. அங்கதான் நானும் எல்லாரையும்போலக் குடிச்சேன்.”

பிறகு அவள் கோவிலுக்கு வரவில்லை. மார்கழிப் பனியில் காய்ச்சல் கண்டது. கிறிஸ்மஸ் பார்க்காமலே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், மாசிலாமணி தோளில் துண்டுகூட இல்லாமல் தேவபிச்சை வீட்டு வாசலில் நின்றார்.

“அந்த வெள்ளிப் பாத்திரத்தைத் திருப்பி வைக்கணும்வே.”

“அதுக்கு எதை விடுவீர்? மணியையா, பேராயரையா?”

“எல்லாத்தையும் எடுத்துக்கும். நான் பேரத்துக்கு வரல. கேட்டு வந்திருக்கேன்.”

தேவபிச்சை தலைகுனிந்தார். அந்த ஞாயிறு நகர்ந்து உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

“ரசம் ஊத்தினா எங்க ஆளுக குடிக்கமாட்டாங்கவே. பயம் போகல. வெறும் பாத்திரமா வேணும்னா...”

“வெறும் பாத்திரமே போதும்.”

அடுத்த இராப்போஜனத்தில் போதகர் வெறும் பாத்திரத்தை நீட்டினார். மாசிலாமணி அதை இரு உள்ளங்கைக்கும் நடுவே வாங்கி விளிம்பில் வாய்வைத்தார். தோள் குலுங்கியது. அடுத்துத் தேவபிச்சை வைத்தார். பிறகு கிழக்கும் மேற்குமாக ஒவ்வொருவராக வந்தார்கள். குடிக்க ஒரு சொட்டும் இல்லை.

அன்று முதல்தான் செம்மண்விளையில் சின்னக் கிண்ணங்கள் வருவதற்கு முன்னால் ஒரு வெறும் பாத்திரம் கைமாறிக் கைமாறி வருகிறது. ஊரே அதில் வாய்வைக்கிறது, யாரும் துடைத்துவிட்டு வைப்பதில்லை.